ஏழு பேர் அமரும் கார்

நாங்கள் முதலில் பதிவு செய்திருந்தது ஏழு பேர் அமரும் புதிய கார். அப்போது எனக்கு இரண்டாவது குழந்தை உண்டாகியிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் காரைப் பற்றி மட்டும் எல்லாரிடமும் சொன்னோம்.

பாரிட் புந்தாரிலிருந்து வந்த கணவரின் அக்காவுக்கு உடனே பொறி தட்டியது.

"ஏழு சீட்டா? என்னம்மா, ஏதும் விசேஷமா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல அண்ணி," என்றேன், சிரித்துக்கொண்டே.

மூன்று மாதம் முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரமே விற்பனை நிலையத்தில் அழைத்து, கார் எந்த மாதம் கைக்கு வரும் என்று சொன்னார்கள். பிரசவத்துக்கு டாக்டர் சொல்லியிருந்த அதே மாதம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சிறியதாக வேறு புதுக் கார் பார்க்கலாமா என்றார் கணவர். அதற்கும் காத்திருக்க வேண்டும். இன்னொரு முறை மாதங்களை எண்ண எனக்குத் தெம்பில்லை.

லகாட்டில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் தம் பழைய காரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். சிறிய கார், கூரையில் சாயம் வெளுத்திருந்தது. பிரேக்கை இரண்டு முறை சோதிக்கச் சொன்னேன். பின் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்த என்னிடம், எத்தனை பிள்ளைகள் என்று அவர் மலாயில் கேட்டார். ஒன்றுதான், இந்தக் கார் போதும் என்று கணவர் முந்திக்கொண்டு சொன்னார். அதில் தவறே இல்லை. ஆனாலும் வீடு திரும்பும்போது கணவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு சொல்லால் எந்தக் கருவும் கலையாது. படித்தவள், எனக்குத் தெரியும். தெரிந்தும், மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் அண்ணியிடம் சொன்ன பதில் வந்து நிற்கிறது. வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாமே? வயிற்றில் இருந்ததை இல்லையென்று சொல்லத்தான் வேண்டுமா?

வெள்ளிக்கிழமை கோயிலில் காருக்குப் பூஜை போட்டோம். அண்ணியும் வந்திருந்தார்.

"ஏழு சீட்டு காடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, கடைசில இந்தக் கெழட்டுக் காடியா லா? இதுக்கு எலுமிச்சம்பழம் வேற."

பெட்ரோல் செலவு என்று ஏதோ சொன்னேன். இருந்ததே தெரியாதவர்களிடம், போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அண்ணி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப நெசமாவே விசேஷம் ஒன்னும் இல்லையா?"

"இல்ல அண்ணி."

கணவர் காரை மெல்ல நகர்த்தினார். சக்கரங்களுக்கு அடியில் பழங்கள் நசுங்கும்வரை, மகளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.