லெஸ்கோவாட்ஸ்காரரின் மிளகாய்ச் சட்டி

எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்த கட்டடத்தின் காவலாளியை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. 2009இல் பாரிஸின் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், நானும் மனைவியும் அந்தக் கடையின் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் கிழமையே ஆள் கதவில் வந்து நின்றார்.

"முசியூ, உங்கட புகை என்ரை படியெல்லாம் மணக்குது."

பிறகு தினமும் ஒரு முறைப்பாடு. குப்பைத்தொட்டி, எண்ணெய், வெங்காயம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும். திட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

ஆள் சேர்பியாவில் லெஸ்கோவாட்ஸ் என்ற ஊர். திட்டி முடிந்தால் ஊர்க்கதை தொடங்கும். ஒரு காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் துணி ஆலையாம், அதனால் சேர்பியாவின் மான்செஸ்டர் என்று பெயராம். அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் ஆலையில் வேலை. சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் போகும். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மிஞ்சியது இறைச்சி சுடுவதும் மிளகாயும். இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு மூட்டி, மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, உரித்து, அரைத்து, பொழுதுபடும் வரை கிண்டுவார்கள். அதற்குப் பெயர் ஐவார். அந்த நாட்களில் உடுப்புக் காயப்போட முடியாதாம், புகை மணக்குமாம். இதைச் சொல்கிறவர்தான் என் புகையைப் பற்றி முறையிடுகிறவர்.

தம்பியும் பாரிஸில்தான் இருந்தார். ஆலைக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் வீட்டை இவர் தம்பியைக் கேட்காமல் விற்றுவிட்டார். அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் சேர்பியரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், அவருக்கு ஒரு நாள். ஸ்லாவா என்பார்கள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம், வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது. தம்பி வருடாவருடம் வருவார். மெழுகுதிரியைக் கும்பிடுவார், வயிறு நிறையச் சாப்பிடுவார், அண்ணனிடம் ஒரு சொல் சொல்லாமல் எழும்பிப் போய்விடுவார்.

"சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை முசியூ. வாய் திறக்கிறான் இல்லை" என்று ஒருநாள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அன்றைக்குத்தான் ஆளில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

அம்மா செய்த மாதிரியே ஐவார் செய்தால் தம்பி இளகுவார் என்று முடிவெடுத்து, ஒரு செப்டம்பரில் கட்டட முற்றத்தில் தகர அடுப்பு மூட்டினார். குடியிருப்பாளர் எல்லாரும் யன்னலைத் திறந்து கத்தினார்கள். ஆள் மிளகாய் மூட்டையோடு என் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"முசியூ, உங்கட அடுப்பு..."

"புகை மணக்குமே" என்றேன். அந்த ஒரு வசனத்துக்காகவே கடவுள் என்னைப் பாரிஸுக்கு அனுப்பியிருக்கலாம்.

கடை பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை சுட்டோம், உரித்தோம், அரைத்தோம். ஆள் ருசி பார்த்துக் கண் கலங்கினார். "கிண்டுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதையுங்கோ" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் குப்பைத்தொட்டிகளை வெளியே தள்ளப் போனார். திரும்பி வந்து, கொதிக்கக் கொதிக்கப் போத்தலில் அடைத்து மூடினார்.

ஸ்லாவா நவம்பரில் வந்தது. "கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடியப்பா போறது?" என்று மனைவி தயங்கினாள். இழுத்துக்கொண்டு போனேன். காவலாளியின் அறை வாசலில் வைத்துச் சொல்கிறாள்:

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு அதுக்குள்ளை கொஞ்சம் தூள் போட்டனான்."

"என்ன தூள்?"

"மிளகாய்த்தூள்தான். ரெண்டு அகப்பை. பின்னை என்ன, உறைப்பெண்டு ஒரு துளி இல்லை. வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு. எங்கட அடுப்பிலை வச்சு, என்ரை கையாலை கிண்டி, அதை அப்பிடியே ஆக்களுக்குக் குடுக்கிறதே?"

சிவப்புக்குள் சிவப்பு. யாருக்குத் தெரியும்? போத்தலைத் திறக்க முன்னம் பறித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்தேன். தம்பி ஏற்கெனவே பாணில் தடிப்பாகப் பூசி வாயில் வைத்துவிட்டார்.

முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. மேசையில் ஓங்கி அடித்து, நேரே அண்ணனைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அண்ணன் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். பிறகு அவரும் கண்ணீரோடு திருப்பிக் கத்தினார். லெஸ்கோவாட்ஸ் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"என்னவாம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா இருந்திருந்தா இதைத் திண்டு செத்திருப்பாவாம்" என்றார் காவலாளி, மூக்கைத் துடைத்தபடி. "முதலிலை வீட்டை வித்தனானாம், இப்ப ஐவாரையும் கெடுத்துப்போட்டனாம்."

ஆளின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தூள் போட்டது யார் என்பதை என் மனைவியே சொன்னாள், பெருமையோடு. அதற்குப் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது வீட்டு விலையிலிருந்து ஆலைச் சங்கு வரைக்கும் சண்டை போயிருந்தது.

அடுத்த செப்டம்பரில் மிளகாய் மூட்டையோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். தம்பி முதல் வேலையாக எங்கள் மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கி மனைவிக்கு எட்டாத தட்டில் வைத்தார். பிறகு தோல் உரிப்பது எப்படி என்று அண்ணனோடு தொடங்கினார். ஒரு லெஸ்கோவாட்ஸ்காரரின் வாயே எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இப்போது இரண்டு.