வாசலில் நிறுத்திய படிப்பு

பன்னீர் வாசனை பட்டாலே இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கல்யாண மண்டபமானாலும் சரி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறேன்.

போன வருடம் பெரம்பலூரில் அப்படியொரு மண்டபத்தில் கூட்டம். செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனிக்காரர் இடம் பார்க்க வருகிறார் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டியது. என் மகள் இதே பெரம்பலூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. கம்பெனி இங்கே வந்தால் அரியலூர் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று லீவு போட்டு வந்திருந்தாள்.

வந்தவள் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்து வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு நின்னாதாம்மா லட்சணம். ஒரு பட்டுப்புடவ கட்டிட்டு வந்திருக்கக் கூடாது?"

மேடையில் நிலத்தைப் பேசினார்கள், தண்ணீரைப் பேசினார்கள், சுண்ணாம்புக்கல்லைப் பேசினார்கள். நாலுவழிச் சாலையின் அகலத்தை ஒருவர் கையை விரித்தே காட்டினார். கம்பெனிக்காரர் பொறுமையாக இருந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"போர்டு டெஸ்ட் பண்ணத் தெரிஞ்சவங்க இங்க இருக்காங்களா?"

"ஆளுக்கா சார் பஞ்சம்? சொல்லுங்க, லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்கிடுறோம்!"

நான் எழுந்துவிட்டேன். "வாசல்ல நிக்கிறாளே, அவளக் கேளுங்க!"

"உக்காருங்க சார். பொண்ணு வேலைக்கு சிபாரிசெல்லாம் சாப்பாட்டுக்கப்பறம் வச்சிக்கலாம்."

சிரித்தார்கள். மண்டபமே சிரித்தது. முந்திரிக்காட்டை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மண் இது. ஞாயிறு சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை காலையில் தொழில் வரவில்லையே என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிற மண்ணும் இதுதான். கல்லைக் காட்டினால் சிமெண்டு ஆலை வரும், வந்தது. மூளையை வாசலில் நிறுத்தினால் எது வரும்?

கம்பெனி ஓசூருக்குப் போய்விட்டது. தேர்ந்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்களாம்! யார் அந்த ஆட்கள்? எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான்: அரும்பாவூர்ப் பையன், ஆண்டிமடத்துப் பையன், மீன்சுருட்டிப் பெண்.

சென்ற வாரம் மகளை பஸ் ஏற்றப் போனேன். சென்னை பஸ்ஸைத் தாண்டி நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"ஓசூருக்குப்பா. அதே கம்பெனிதான். நாளைக்கு இன்டர்வியூ."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"கத்தாதீங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க. எடுத்துக்கிட்டாங்கன்னா போன் பண்றேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். போயிட்டு வரேன்."