லேத் பட்டறை அம்மாவின் ஸ்போர்ட்ஸ் கார்

பாடாலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெரம்பலூரிலிருந்து தனியாகப் போனேன். அவருக்குக் காதோரம் நரை, நகக்கண்ணில் கிரீஸ். காரைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் அந்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கேட்காமலே ஒரு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பக்கம் வைத்தார். ஒட்டவில்லை. “உள்ள துருங்க. பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்கு. பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா, ஸ்டார்ட் ஆகத் திணறுறதை மறைக்க முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கும் ஒத்துப்போகும்.”

இப்படியும் ஒருவரா என்று மனசு நிறைந்துவிட்டது. “எடுத்துக்கிறேங்க” என்றேன்.

“நம்பரை நீங்க பாக்கவே இல்லையே?”

“நீங்கதான் சொல்லிட்டீங்களே.”

“விக்கிறவ சொன்னா நம்பிடுவீங்களா? உங்களுக்குத் தரலைங்க.” தார்ப்பாயை இழுத்துக் காரை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். கார் இல்லை. அரியலூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம்.

“அவர் எல்லாத்தையும் பாத்து வாங்குனாருங்களா?”

“ஒண்ணும் பாக்கல. ஆனா நான் சொன்ன எதையுமே நம்பல” என்றார், மெச்சுகிற குரலில்.

“அந்தம்மா உங்களைத் திட்டுச்சா, காப்பாத்துச்சா?” என்று திரும்பும்போது மெக்கானிக் கேட்டார். எனக்கு இன்னும் தெரியவில்லை.