இருபது கோடுகளும் ஒரு போஸ்டரும்

போன வியாழக்கிழமை காலை எட்டரை மணி. மைசூர் ஹெப்பாளில் ஒரு பிரிண்டிங் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில், எங்கள் மாடியில் குடியிருக்கும் சுகன்யா. அவள் அழவில்லை... அழுதிருந்தால்கூடத் தேவலை!

சுகன்யா கொள்ளேகால் பெண். புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி மாணவி. பத்து மணிக்குக் கருத்தரங்கில் நடுவர்கள் வந்து அவள் போஸ்டரைப் பார்ப்பார்கள். இந்தக் கடையைச் சிபாரிசு செய்தது யார்? அடியேன்தான்.

போஸ்டரை விரித்தால், நடுவில் ஒரே ஒரு கோடு ரிப்பன் மாதிரி அழகாக வளைந்து போகிறது.

"இருபது கோடு இருந்துச்சே, எங்கண்ணா?"

கடைக்காரர் மாதேஷ் முகம் மலர்ந்தார். அவரும் கொள்ளேகால்தான். "படம் ஆடிப்போயிருந்துச்சுங்க மேடம். வாலுப்பக்கம் ஒரே சிக்கு. ஒரு மணி நேரம் உக்காந்து பத்தொம்போதையும் அழிச்சேன். நம்மூருப் பொண்ணாச்சேன்னு!"

ஊர்ப்பாசம் படுத்தும் பாடு!

சுகன்யா மூச்சை இழுத்துவிட்டாள். "புரதத்த நேரா பாக்க முடியாதுங்கண்ணா. அளந்த விவரத்த வெச்சு, எந்த வடிவத்துக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போடறோம். பொருந்தற இருபதை ஒண்ணுமேல ஒண்ணா வரைஞ்சிருந்தேன். நடுவுல எல்லாம் ஒட்டிப் போகும். அங்க எங்களுக்கு நல்லாத் தெரியும். வாலுல பிரியும். அங்க சரியாத் தெரியாது. எவ்வளவு தெரியாதுன்னு சொல்றதுதானுங்கண்ணா என்னோட மூணு வருஷ வேலை!"

மாதேஷ் திகைத்துப் போனார். நானும்தான் — தெரியாததை அளக்க ஒரு படிப்பா? நானெல்லாம் தெரியாத தெருவுக்கே கைநீட்டி வழி சொல்கிற ஆள். குளியலறையிலிருந்து போனில் "அஞ்சே நிமிஷம், வந்துட்டேன்" என்கிற ஆள். எதற்கும் ஒரே கோடு போட்டே பழகிவிட்டோம், இல்லையா?

நல்லவேளை, அவள் கொடுத்த ஃபைல் அப்படியே இருந்தது. "மறுபடி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

"பத்தே நிமி..." மாதேஷ் நிறுத்தினார். சுகன்யாவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "இருவதுல இருந்து அம்பது நிமிஷம் ஆகுங்க சார். மை காயறது என் கையில இல்ல."

நாற்பத்தோராவது நிமிடம், "ஆய்த்துங்க!" என்று போஸ்டரை நீட்டினார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சுகன்யா அதை மாட்டிவிட்டாள். வாலில் இருபது கோடுகளும் தலைவிரி கோலமாக நின்றன. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மைசூரில் இத்தனை வருடமாக இருக்கிறேன். ஒரு கடைக்காரர் சொன்ன நேரத்துக்குள் வேலை முடிந்தது அன்றுதான்!