சிவப்பாய் நின்ற ஏரி

திருநின்றவூரில் ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அந்தப் பெண் போனில் விக்கிப்பீடியாப் பக்கம் எழுதத் தொடங்கிவிடுவாள். அம்பத்தூர் கம்பெனிச் சீருடை, மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடி. ஊர், ஏரி என்று எந்தப் பெயர் வந்தாலும் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டு முன்னோட்டம் பார்ப்பாள். அந்தப் பெயருக்குத் தனிப் பக்கம் இருந்தால் எழுத்து நீலமாகும், இல்லாவிட்டால் சிவப்பாகும். சிவப்பைக் கண்டால்தான் அவளுக்குச் சிரிப்பு பொங்கும்.

ஒருநாள் எங்கள் ஊர் ஏரியின் பெயர் சிவந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, அசிங்கமா இருக்கு. அடைப்புக்குறியை எடுத்துடேன்.”

“எடுத்துட்டா பக்கம் இல்லன்றதே யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. சிவப்பா கீறதைப் பார்த்தாதான் யாராச்சும் எழுதுவாங்க.”

“நீயே எழுதேன்.”

“ஏரியைப் பார்த்தாப்ல ஊடு கட்டிகினு கீறது நீங்க. நானா எழுதணும்?”

அவள் அம்பத்தூரில் இறங்கிவிட்டாள். ரோஷத்தோடு சென்ட்ரல் வருவதற்குள் ஏரியைப் பற்றி நான்கு வரி எழுதிப் பதிவிட்டேன்.

மறுநாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏரி நீலமாகியிருந்தது. பெருமையோடு என் பக்கத்தைத் திறந்தேன். மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், கரையோரக் கோயில் என்று நான் எழுதிய பெயர்களுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டு, ஒன்று விடாமல் சிவக்க வைத்திருந்தாள் அந்த ராட்சசி.