நாற்பது பேருக்கு முன்னால் நடந்த சோமண்ணன்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளச் சப்பாத்து வாங்கிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அந்த அழைப்பு வந்தது. சோமண்ணனின் மனைவி கருணா அக்கா பேசினார். பக்கத்து மலைக்கும் கேட்கிற மாதிரிப் பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"சரோஜா, அண்ணன் போயிட்டாரு. காலையில தேத்தண்ணி குடிச்சாரு. கப்ப கீழ வச்சாரு. அவ்வளவுதான்."

"சத்தமே இல்லாமலா?" என்று கேட்டுவிட்டேன். என்ன கேள்வி இது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. கருணா அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்தார். "அவரு என்னைக்குச் சத்தத்தோட வந்தாரு, போனாரு?" என்றார். பஸ் வந்தது, போனது. நான் சப்பாத்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவர் முழுப்பெயர் சோமபால. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயங்களில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில், எங்கள் தோட்டத்தின் எல்லையில் இருக்கும் சிங்களக் கிராமம் அவருடையது. சின்ன வயதில் எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார், எங்களைவிட நன்றாகத் திட்டுவார். இளவயதில் ஆமியில் சேர்ந்து, வேவு பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தார். படை போவதற்கு முன்னால் போய், எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து வருகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சராக வந்தார்.

ஆமிக்காரர் வாச்சராக வருகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? கொழும்பில் வேலை செய்த காலத்தில், ஒவ்வொரு ஆமிச் சோதனைச் சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவள் நான். முதல் ஆறு மாதம் அவர் வணக்கம் சொன்னால் நான் தேயிலைச் செடியைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவரும் விடாமல் தினமும் வணக்கம் சொன்னார்.

நான் மேல் டிவிஷனில் கொழுந்துக் கங்காணி. நாற்பது பெண்களை மலையில் இறக்கி, ஏற்றி, அதட்டி, சமாதானப்படுத்துவது என் வேலை. பெண்கள் இறங்குவதற்கு முன் மலையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் கங்காணிதான். ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை, "பாத்தாச்சா?" என்று கேட்டார். "பாத்தாச்சு தொர" என்றேன். பார்க்கவில்லை. முதல் நாள் பார்த்ததுதானே, ஓர் இரவில் என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம். பத்து மணிக்குள் குளவி கலைந்தது. என் கணவரின் தங்கை பாக்கியத்துக்கு முதுகிலும் கழுத்திலும் கொட்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். வந்த அன்றே ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றி லயமே சிரிக்கும்படி குறை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குக் குளிர் விடவில்லை.

மறுநாள் காலை சோமண்ணன் பெரட்டுக் களத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "இனிமே மலைக்கு முன்னால நான் போறேன். நான் வந்து சொன்னப்புறம் இறங்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு எத்தனை வருடம்! மழையோ பனியோ, எங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் நிரை நிரையாக நடந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, தண்ணீர் ஓடும் கானைக் குனிந்து பார்த்து, திரும்பி வந்து சொன்னார். நாங்கள் இறங்கினோம்.

பெண்களுக்கு அவரிடம் சண்டைக் கதை கேட்க ஆசை. தேத்தண்ணி நேரத்தில் சுற்றி உட்கார்ந்துகொண்டு நச்சரிப்பார்கள். அவர் சொல்லுகிற கதையில் வெடியே வெடிக்காது. "காட்டுக்குள்ள போறதுக்கு நாலு நாளைக்கு முன்னாலயே சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, பேஸ்ட் கிடையாது. வாசன காட்டிக் கொடுத்துரும். பிஸ்கட்ட கூட உறைய பிரிச்சு துணியில கட்டிக்கணும், சரசரன்னு கேக்கும்ல. காலையில ஒரு புதருக்குள்ள உக்காந்தா இருட்டுற வரைக்கும் அங்கதான். இருமல் வந்தா தொப்பிய வாயில வச்சு அமுக்கணும். ஒண்ணுக்கு போத்தல்ல."

"சீ!" என்பார்கள் எல்லோரும், அடுத்ததைக் கேட்க இன்னும் நெருங்கி உட்கார்ந்து.

"அட்டை கடிச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கடிச்சா கடிக்கட்டும். அசையக் கூடாது."

பாக்கியம் தன் காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்காலுக்கு மேல் நான்கு அட்டைகள் கொழுத்துத் தொங்கின. "நான் அசைஞ்சேனா? அப்ப எனக்கும் ஆமியில பென்ஷன் வாங்கிக் குடுங்க" என்றாள். சோமண்ணன் எழுந்து நின்று அவளுக்கு சல்யூட் அடித்தார். அன்று கொழுந்து நிறுக்கிற வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இன்னொரு தொல்லை, அவர் வருவது யாருக்கும் கேட்காது. பாதத்தின் ஓரத்தை முதலில் வைத்து மெல்ல மிதிக்கிற பழக்கம் ஆமியோடு போகவில்லை. புருஷன்மாரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துச் செடிக்குப் பின்னாலிருந்து "சரியாத்தான் சொல்றே தங்கச்சி" என்று குரல் வரும். கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. ஒரு தீபாவளிக்கு எல்லோரும் சேர்ந்து அவருக்கு வேட்டியோடு ஓர் ஆட்டு மணியும் வாங்கிக் கொடுத்தோம். அவர் அதைச் சப்பாத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு, நாள் முழுவதும் கிணிங் கிணிங் என்று மலையில் நடந்தார். "இத கட்டினா குளவியே சிரிச்சிக்கிட்டு ஓடிரும்" என்றார்.

வேவுக்காரனுக்கு எது கஷ்டம் என்று நான் ஒரு நாள் கேட்டேன். போவதைச் சொல்வார், ஒளிந்திருப்பதைச் சொல்வார் என்று நினைத்தேன். "திரும்பி வந்து சொல்றதுதான் கஷ்டம்" என்றார். "எல்லாத்தையும் பாத்தேன்னு சொல்ல வாய் துடிக்கும். பாத்தத பாத்தேன்னு சொல்லணும். பாக்காதத பாக்கலன்னு சொல்லணும். அதுக்குத்தான் சோறு போட்டாங்க." நல்லது என்று தலையாட்டினேன். அது எனக்கே ஒரு நாள் சிக்கலாகும் என்று தெரியவில்லை.

ஆறாம் நம்பர் மலையில்தான் அது நடந்தது. ஒரு வாரம் விடாத மழை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, தொழிற்சாலையில் வேலைக்கு இலை இல்லை. அன்று காலை வெயில் எட்டிப் பார்த்ததும் சின்னத்துரை எங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். சோமண்ணன் மலையிலிருந்து வந்து சொன்னார்: "மூணு குளவி பறந்தத பாத்தேன். கூட்ட பாக்கல."

சின்னத்துரையும் போய் நிழல் மரங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் இல்ல. மூணு குளவிக்காக ஒரு மலைய விட முடியுமா? இறங்குங்க" என்றார். அவர் மேலும் தப்பில்லை, அவருக்கு மேலே ஒரு துரை இருக்கிறார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

நான் சோமண்ணனை ஓரமாக இழுத்தேன். "கூட்ட பாத்தேன்னு சொல்லுங்கண்ணே. பேச்சு முடிஞ்சிரும்."

"பாக்கல தங்கச்சி."

"பொய்யே சொன்னதில்லையா நீங்க?"

"கருணாகிட்ட நிறைய. இதுல இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே தூக்கிக் கானில் போட்டிருப்பேன். ஒரு சொல்லில் நாற்பது உயிர் தப்பும். இந்த மனிதர் அந்தச் சொல்லைப் பூட்டி வைத்திருக்கிறார்! அவர் என்னை விட்டுவிட்டு சின்னத்துரையிடம் போனார். "இன்னைக்கு பொய் சொன்னா, நாளைக்கு நான் நெசம் சொல்றப்போ நீங்க நம்ப மாட்டீங்க. எனக்கு முக்கா மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள கூடு எங்கன்னு சொல்றேன். இல்லன்னா, தெரியலன்னு சொல்றேன்" என்றார். சின்னத்துரை கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சரி என்றார்.

சோமண்ணன் ஈரச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய சப்பாத்து அடி இரண்டும்தான். நாற்பது பெண்கள், ஒரு சின்னத்துரை, ஒரு கங்காணி, எல்லோரும் இரண்டு சப்பாத்து அடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு யாரோ மெதுவாக, "அண்ணே தூங்கிட்டாரா?" என்றாள், மறுபடி சிரிப்பு. அந்தச் சப்பாத்துகள் ஒரு முறைகூட அசையவில்லை.

அவர் ஊர்ந்து பின்னால் வந்து எழுந்தபோது, கழுத்திலும் காதோரத்திலும் அட்டைகள். அவற்றைத் தட்டாமலே பேசினார்: "மரத்துல இல்ல. கீழ. அஞ்சாவது நிரைக்கு அடியில கான் ஓரத்துல ஒரு பொந்து. பதினோரு குளவி உள்ள போனத பாத்தேன்." சின்னத்துரை தானே போய்த் தூரத்திலிருந்து பார்த்தார். திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றினார். அந்த ஐந்தாம் நிரை பாக்கியத்துக்கு நான் பிரித்துக் கொடுத்த நிரை. அவள் சோமண்ணன் கழுத்திலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். "பென்ஷன் பத்தாது உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாக்கியத்துக்குக் கொட்டிய அன்று நான் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும். மேல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நீ மலைக்குள்ள போகல."

"தொரகிட்ட ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான், அத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "வடக்குல சண்டையப்போ நீங்க என்னண்ணே செஞ்சீங்க?"

"இதேதான் தங்கச்சி. முன்னால போய் பாத்தேன், வந்து சொன்னேன். அங்க நான் வந்து சொன்னதால ஆளுங்க செத்திருக்காங்க. அது எனக்குத் தெரியும். இங்க நான் சொன்னா நாப்பது பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போறாங்க. அத பாக்கிறதுக்காகத்தான் தினம் ரோட்டோரத்துல நிக்கிறேன்." அடுத்த நாள் காலை, அவர் சொல்வதற்கு முன்பே நான் வணக்கம் சொன்னேன்.

அவர் இறுதிச் சடங்குக்கு லொறியில் போனோம். துக்கத்துக்குக் கட்டியதில் கிராமமே வெள்ளைக் கொடியாக இருந்தது. பழைய ஆமிக்காரர் ஒருவர் பேசும்போது, சோமண்ணன் ஒற்றை ஆளாகக் கையாலேயே ஒரு சிறுத்தையை விரட்டினார் என்றார். பாக்கியம் என் காதில், "அண்ணே இருந்தா, சிறுத்தைய நான் பாக்கலன்னு சொல்லியிருப்பாரு" என்றாள். துக்க வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். கருணா அக்கா எங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, அவரும் சிரித்தார்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது 'பாக்கல' என்ற அந்த ஒரு சொல்தான். வாயில் வராத சொல் அது, கங்காணிக்கு அதைவிடக் கசப்பானது இல்லை. அடுத்த திங்கட்கிழமை மலைக்கு முன்னால் நான்தான் போனேன். பனி மூடியிருந்தது. திரும்பி வந்ததும் சின்னத்துரை, "பாத்தாச்சா சரோஜா?" என்று கேட்டார். பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கீழ பாத்தேன் தொர. மேல மூணு நிரை பாக்கல. பனி விலகினதும் பாத்துட்டு வாறேன்" என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பாக்கியம் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "உனக்குக் கொட்டுச்சே, அன்னைக்கும் நான் பாக்கல பாக்கியம். பாத்தேன்னு சொன்னது பொய்" என்றேன். நாற்பது பேருக்கும் கேட்டது.

அவள் கை கழுத்துக்குப் போய் இறங்கியது. பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்கைச் சரிசெய்துகொண்டு கல்லில் உட்கார்ந்தாள். "சரி அண்ணி. இப்ப போய் நல்லா பாத்துட்டு வாங்க. நீங்க வந்து சொல்ற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."