மரியாதையாக வெளியேற்றும் பட்டன்

தருமபுரியிலிருந்து தொப்பூர் போகும் பஸ். மடியில் லேப்டாப்.

நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் பஸ் நேரச் செயலியின் முகத்தை மாற்றுகிறோம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். சொல்கிறார்கள். ஒரு பட்டன் சிவப்பா, ஆரஞ்சா என்று குழுவில் காலையிலிருந்து சண்டை.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, 'வெளியேறு'ன்னு தொரத்துதே, அப்படி என்ன பண்ணீங்க?"

"அது லாக் அவுட் பட்டனுங்க. தமிழ்ல போட்டிருக்கோம்."

"வூட்டுக்கு வந்தவங்கள இப்படிச் சொன்னா, மறுபடி வருவாங்களா?"

"சரிங்க, 'வெளியேறுங்க'ன்னு மாத்திடறேன்."

"ஓ, மரியாதையாத் தொரத்துவீங்க!"

சிரித்துவிட்டேன். வேறு வழி? நிறத்துக்காக அடித்துக்கொண்ட எங்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைப் படிக்கவில்லை. அதை மொழிபெயர்த்த மகான் நான்தான்.

அக்காவின் ஊர் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், "போயிட்டு வர்றேங்க" என்றபடி இறங்கினார்.

அதையே பட்டனில் போட்டுக் குழுவுக்கு அனுப்பினேன்.

சிவப்பும் ஆரஞ்சும் அந்த நிமிடமே சமாதானமாகிவிட்டன. இப்போது சண்டை வேறு. மதுரைக்காரர் 'வாரேன்' என்கிறார். சென்னைக்காரருக்கு 'வரேன்' போதுமாம். பட்டனுக்குள் இவ்வளவு எழுத்து அடங்காது என்று டிசைனர் அழுகிறார்.

நீங்களே சொல்லுங்கள். உங்கள் ஊரில் எப்படி வெளியேறுவீர்கள்?